பாடிப் போனவனும் பிடித்தவனும்: ‘பைசன் காளமாடன்’ படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

‘பைசன் காளமாடன்’ வெளிவந்தது 2025 அக்டோபர் 17. தீபாவளிக் கூட்டம் வடிந்தபிறகு தூத்துக்குடியில் ஒரு மதியக் காட்சிக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். படத்தைப் பற்றி அதற்குள் நிறைய எழுதிவிட்டார்கள். ஒரு தரப்புக்கு அது ஒடுக்கப்பட்ட உடலின் வெற்றிக் கதை. இன்னொரு தரப்புக்கு, ‘இந்த ஆளு ஏன் திரும்பத் திரும்பச் சாதியையே எடுக்கிறாரு’ என்கிற வழக்கமான எரிச்சல். இந்த இரண்டாம் தரப்போடு பேச எனக்கு ஒன்றுமில்லை. முதல் தரப்பில் நானும் இருக்கிறேன். அதனால் என் சண்டை அங்கேதான்.

கபடியில் ஒரு அணிக்கு ஏழு பேர். ஒருவன் பாடிப் போகிறான், எதிரே ஏழு பேர் நிற்கிறார்கள். அவன் திரும்பியதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் வருவான், இவர்கள் நின்று பிடிக்க வேண்டும். ஆட்டத்தில் சரிபாதி பிடிக்கிற வேலை. ஆனால் நம்முடைய சினிமா, நம்முடைய பத்திரிகை, நம்முடைய விமர்சனம் எல்லாமே பாடிப் போகிறவன் முதுகுக்குப் பின்னாலேயே ஓடுகின்றன. ‘கில்லி’ (2004) அப்படி. ‘வெண்ணிலா கபடிக் குழு’ (2009) கொஞ்சம் மாறுபட்ட படம்தான் என்றாலும் அதன் உச்சமும் பாடிப் போகிறவனின் சாவுதான். இப்போது கிட்டானும் அப்படியே. தனியொருவன், பகைக்களம், ஒரே மூச்சு, கோட்டைத் தொட்டு மீளுதல். இந்த வடிவம் ‘நாயகன்’ என்கிற கதையாடலுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. பிடி என்பது கூட்டு வேலை. அதற்கு நாயகன் கிடையாது. ஆகவே கதையும் கிடையாது என்று முடிவு கட்டிவிட்டோம்.

ஒரு ஆட்டக்காரனின் தொழில்வாழ்க்கை என்று எதைச் சொல்கிறோம், அதை யார் எழுதி வைக்கிறார்கள் என்பதுதான் இங்கே என் விஷயம். படத்தை அதற்கு ஒரு சாக்காக எடுத்துக்கொள்கிறேன். மாரி செல்வராஜ் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

*

படத்துக்கு மூலம் மணத்தி கணேசனின் வாழ்க்கை என்பது எல்லோருக்கும் தெரியும். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்தில், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். 1994இல் ஜப்பானின் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்தவர். 1995க்கான அர்ஜுனா விருது பெற்றவர். 1982 தில்லியில் காட்சி ஆட்டமாக மட்டும் நடத்தப்பட்ட கபடி, 1990 பெய்ஜிங்கில்தான் பதக்கத்துக்குரிய ஆட்டமானது. அதாவது கணேசன் போய்ச் சேர்ந்தது இரண்டாவது முறை. அதுவரை சடுகுடு என்பது வயக்காட்டு ஆட்டம். பனங்காட்டிலும் ஆற்றுமணலிலும் மேல்சட்டை இல்லாமல் ஆடுவது. அதற்கென்று ஒரு ‘தேசிய’ மரியாதை வந்தது அந்தப் பத்து வருடங்களுக்குள்தான்.

அந்த மரியாதை எந்த வருடத்தில் வந்தது என்று பார்க்க வேண்டும். 1995. அப்போது நம் மாவட்டத்துக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர் (1997இல்தான் தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று). அந்த வருடம் ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் பக்கம் கொடியங்குளத்துக்குள் சுமார் 600 போலீஸார் புகுந்தார்கள். சாதி மோதலை அடக்குவதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள், வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்தும் படித்தும் கொஞ்சம் நிமிர்ந்திருந்த ஒரு தேவேந்திரர் ஊரைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடாக உடைத்தார்கள். பாஸ்போர்ட்டுகளையும் படிப்புச் சான்றிதழ்களையும் அழித்தார்கள். ஊர்க்கிணற்றில் விஷத்தைக் கலந்தார்கள். பொருளை உடைப்பது ஆத்திரம் என்று வைத்துக்கொண்டாலும், சான்றிதழைக் கிழிப்பதற்கு யோசனை வேண்டும். எதைக் கிழித்தால் இவன் திரும்பவும் பழைய இடத்துக்கே போவான் என்று தெரிந்தவன் செய்கிற காரியம் அது.

ஒரே மாவட்டம், ஒரே வருடம். அரசின் ஒரு கை ஒருவருக்குச் சான்றிதழ் எழுதுகிறது, இன்னொரு கை ஒரு ஊரின் சான்றிதழ்களையெல்லாம் கிழிக்கிறது. இதை முரண்பாடு என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். எனக்கு இது முரண்பாடாகத் தோன்றவில்லை. பதக்கம் கொண்டுவரும் உடல் தேசத்துக்கு வேண்டும். அந்த உடல் எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர் நிமிர்வது வேண்டாம். இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கின்றன.

விருதின் பெயரையும் யோசித்துப் பாருங்கள். 1961இல் ஏற்படுத்தியது அர்ஜுனா விருது. பயிற்சியாளர்களுக்கென்று 1985இல் வந்தது துரோணாச்சாரியா விருது. ஏகலைவனின் கட்டைவிரலை வாங்கிய குருவின் பெயரில் ஒன்று, யாருக்காக அந்த விரல் வாங்கப்பட்டதோ அவன் பெயரில் மற்றொன்று. விரலைக் கொடுத்தவன் பெயரில் தேசிய அளவில் இப்படியொரு விருதில்லை. மணத்தியிலிருந்து போனவர் கையில் வில்லாளியின் சிலையைக் கொடுத்தபோது அங்கே யாருக்காவது சிரிப்பு வந்திருக்குமா? வந்திருக்காது. பெயர் சூட்டுகிறவர்களுக்குத் தங்கள் புராணம் புராணமாகத் தெரிவதில்லை, அது வெறும் பெயர்தான்.

*

கபடி என்பது தொடுகிற ஆட்டம். இதை நம் ஆட்கள் யாரும் கோட்பாட்டு ரீதியாக யோசித்த மாதிரி தெரியவில்லை. பூக்கோ சொன்ன பணியவைக்கப்பட்ட உடல், பார்த் எழுதிய மல்யுத்தம் என்றெல்லாம் முப்பது வருடங்களாக மேற்கோள் காட்டுகிறோம் (நானும்தான்). தீண்டாமையை அடித்தளமாகக் கொண்ட ஒரு சமூகத்தில், தொட்டாலே ‘அவுட்’ என்கிற விதியோடு ஒரு ஆட்டம் இருப்பதன் அர்த்தம் என்ன என்று கேட்கவில்லை.

புனேயின் பல்வங்கர் பாலுவை நினைத்துக்கொள்ளலாம். 1911இல் இங்கிலாந்து போன இந்தியக் கிரிக்கெட் அணியின் முக்கியப் பந்துவீச்சாளர். சாமர் சாதியில் பிறந்தவர். மைதானத்தில் அவர் கையிலிருந்து வருகிற பந்தை மற்றவர்கள் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கிப் போடுகிற மண்குவளையில் தேநீர். இந்துக்கள் அணிக்கு அவரைக் கடைசிவரை தலைவராக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது கிடைத்தது. கிரிக்கெட்டால் இதைச் சமாளிக்க முடிந்தது. அங்கே ஆளை ஆள் தொட வேண்டியதில்லை. நடுவில் பந்து இருக்கிறது. தீட்டு பந்தோடு நின்றுவிடும், அல்லது நின்றுவிட்டதாகப் பாவனை செய்துகொள்ளலாம்.

கபடியில் அந்தப் பாவனைக்கு இடமில்லை. வேர்வையும் மண்ணுமாக ஒருவன் தொடையை இன்னொருவன் கட்டிக்கொண்டு விழ வேண்டும். ஏழு பேர் ஒருவன்மேல் குவிய வேண்டும். கைகோத்து நிற்காவிட்டால் சங்கிலிப் பிடி கிடையாது. எனவே எங்கள் பக்கத்து ஊர்களில் கபடி அணிகள் தெருவாரியாகவும் ஊர்வாரியாகவும்தான் இருந்தன. அதாவது சாதிவாரியாக. எதிரணியில் வேறு சாதிக்காரன் இருக்கலாம். அவனை அமுக்கிப் பிடிப்பதில் கௌரவம்கூட உண்டு. சொந்த அணியில் பக்கத்தில் நின்று கைகோப்பவனாக அவன் இருக்கக் கூடாது. பகையாகத் தொடலாம், கூட்டாளியாகத் தொடக் கூடாது என்பதுதான் எழுதாத சட்டம். படத்தில் கந்தசாமி (லால்) தன் அணிக்குக் கிட்டானைச் சேர்த்துக்கொள்வது அந்தச் சட்டத்தை மீறுகிற இடம். படத்தின் மிக ஆபத்தான பகுதி அது என்று நினைக்கிறேன். ஆனால் படம் அதைப் பெருந்தன்மை, வீரனை வீரன் மதிப்பது என்கிற மொழியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சேர்த்துக்கொண்ட பிறகு அவன் எங்கே சாப்பிட்டான், ஆட்டம் முடிந்து எங்கே குளித்தான், அடிபட்டிருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? இதெல்லாம் சில்லறைக் கேள்விகள் என்று தோன்றலாம். தொழில்வாழ்க்கை என்பதே இந்தச் சில்லறைதான்.

*

மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கடற்கரைக்காரன், பரதவர் வீட்டுப் பிள்ளை. எங்கள் ஆட்களுக்கு மூச்சு என்பது பிழைப்பு. முத்துக்குளிக்கிறவன் கல்லைக் கட்டிக்கொண்டு பாருக்கு இறங்கி ஒரு நிமிஷமோ கொஞ்சம் கூடவோ கீழே இருந்து, சிப்பியை வாரிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை ஆட்டுவான். மேலே தோணியில் ஒருவன் அந்தக் கயிற்றைக் கையில் வைத்திருப்பான். மச்சினன்தான் பிடிக்கணும், தங்கச்சி தாலி போயிரக் கூடாதேன்னு அவன்தான் ஒழுங்கா இழுப்பான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கையில்லை. கீழே போனவன் உயிர் முழுக்க மேலே நிற்கிறவனின் கவனத்தில் இருக்கிறது. தூத்துக்குடிப் பார்களில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதோடு முடிந்தது. சங்குகுளிகாரர்கள் மட்டும் தொடர்ந்தார்கள், பின்னால் காற்றுக்குழாயோடு.

முத்துக்குளிப்பைப் பற்றிப் போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் எழுதி வைத்தது கொஞ்சநஞ்சமல்ல. பாரின் ஆழம், சிப்பியின் எண்ணிக்கை, ஏலத்தில் போன விலை எல்லாம் இருக்கின்றன. குளிக்கிறவனைப் பற்றியும் வியந்து எழுதியிருக்கிறார்கள். கயிறு பிடித்தவனைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிதான்.

கபடியில் பாடிப் போகிறவனும் மூச்சுக்காரன்தான். வித்தியாசம், இவன் மூச்சைச் சத்தமாக விட வேண்டும். எதிரியின் மண்ணில் நிற்கிறவரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும், பேச்சு அறுந்தால் செத்தான். தலித் அரசியலின் முப்பது வருடங்களுக்கு இதைவிட நல்ல உருவகம் கிடைக்காது என்று எனக்கே ஒரு சபலம் வருகிறது. (முப்பது விநாடிக் கடிகாரம் வந்தபின் ஒரே மூச்சு என்பது பேச்சளவில்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.) ஆனால் இந்தச் சபலத்துக்கு இடம் கொடுத்தால் மறுபடியும் பாடிப் போகிறவனிடமே போய்ச் சேருவோம்.

*

பிடிக்கிறதையே பிழைப்பாகக் கொண்ட ஆட்டக்காரனைப் பற்றி எங்காவது விரிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடினால், கொஞ்சம் தூரமாகப் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து. (பெயர்தான் கால்பந்து, காலுக்கு அங்கே அவ்வளவு வேலை கிடையாது. கையில் பந்தை வைத்துக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் ஓடுவதும் ஓடுகிறவனை விழுத்தாட்டுவதும்தான் ஆட்டம். நம் ஆளுக்கு உடனே புரியும்.) அதில் ‘லைன்பேக்கர்’ என்று ஒரு இடம். முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நின்று, எதிரணியின் நோக்கத்தைக் கண்ணாலேயே படித்து, ஓடிவருகிறவனை மோதிச் சாய்க்கிற ஆள். நம்ம பாஷையில் சொன்னால் கார்னரும் கவரும் சேர்ந்த ஒரு பிடிகாரன்.

ஜூனியர் சியாவ் அப்படியொரு லைன்பேக்கர். 1969இல் பிறந்தவர், கலிபோர்னியாவின் கடற்கரை ஊரொன்றில் வளர்ந்தவர். பெற்றோர் பசிபிக் தீவான சமோவாவிலிருந்து வந்தவர்கள். 1990இல் சான் டியேகோ அணி அவரை ஐந்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்த லீகில் ஒரு ஆட்டக்காரன் சராசரியாக மூன்று வருடம் சொச்சம்தான் தாக்குப்பிடிப்பான் என்பார்கள். இவர் 2009 வரை, மூன்று அணிகளில், இருபது பருவம் ஆடினார். 2012 மே மாதம், 43 வயதில், தற்கொலை செய்துகொண்டார். குடும்பத்தார் அவருடைய மூளையை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். 2013 ஜனவரியில் முடிவு வந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் நாள்பட்ட மூளைச்சிதைவு நோய். இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒன்று: அத்தனை வருடத்தில் எந்த அணியின் காயப்பட்டியலிலும் அவருக்கு மூளையதிர்ச்சி என்று எழுதப்பட்டதே இல்லை. எத்தனை பேரை விழுத்தினார் என்பதற்குத் துல்லியமான கணக்கு இருக்கிறது. விழுத்தும்போது அவருக்குள் என்ன உடைந்தது என்பதற்கு ஏடு இல்லை.

இதைவிட மோசமானது பின்னால் வந்தது. ஆயிரக்கணக்கான முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டு, லீக் நஷ்டஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது. யாருக்கு மூளை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளப்பதற்கு அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். அதன்படி கறுப்பின ஆட்டக்காரனின் அறிவுத்திறன் ஆரம்பத்திலேயே வெள்ளைக்காரனைவிடக் குறைவு என்று அனுமானித்துக்கொள்ளலாம். இருவரும் ஒரே மதிப்பெண் எடுத்தால், வெள்ளைக்காரனுக்கு ‘மூளை சிதைந்திருக்கிறது, பணம் கொடு’, கறுப்பனுக்கு ‘இவன் இயல்பே இதுதான், ஒன்றும் சிதையவில்லை’. 2020இல் இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2021இல்தான் அந்த முறையைக் கைவிடுவதாக லீக் சொன்னது. இருபத்தோராம் நூற்றாண்டில், மருத்துவர்கள் கையெழுத்துப் போட்ட படிவங்களில் நடந்தது இது. இனவாதம் என்பது வெறுப்பு என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். அதிகமும் அது ஒரு கழித்தல் கணக்குதான்.

அமெரிக்கனைத் திட்டுவது நமக்குப் பிடித்த வேலை, அதற்காக இதைச் சொல்லவில்லை. இதே கணக்கைப் படிவமே இல்லாமல் போட்ட இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

*

அதற்கு முன் ஏலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2014இல் புரோ கபடி லீக் வந்தது. 2017இல் தமிழ் தலைவாஸ் சேர்ந்தது. ஆட்டக்காரர்களை ஏலம் விடுவதை மனிதரை விற்பது என்று நம் தோழர்கள் கண்டித்தார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது சிப்பி ஏலம். முத்துக்குளிப்புக் காலத்தில் அன்றன்று வந்த சிப்பியை எண்ணி, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். பிளக்காமல். உள்ளே முத்து இருக்கா, வெறும் சதையா என்று யாருக்கும் தெரியாது. வாங்குகிறவன் சூதாடுகிறான். குளித்தவனுக்குப் பங்கு உண்டு, அதுவும் சிப்பியாகத்தான்.

2022 ஏலத்தில் பவன் ஷெராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது அதுதான் லீகின் அதிகபட்ச விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. அந்தப் பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அடுத்த வருடம் வேறொரு அணி 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேலாகக் கொடுத்து எடுத்தது. ஏலத்தைக் கண்டிக்கிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். அந்த முழங்காலுக்கு ஒப்பந்தம் இருந்தது, அறுவைசிகிச்சை இருந்தது, திரும்பி வர ஒரு வருட அவகாசம் இருந்தது. விலை இருக்கிற முழங்கால் குணமாகிறது. ஈரான்காரர் முகமதுரெசா ஷாட்லூயிக்கு 2023இல் 2 கோடியே 35 லட்சம் போயிற்று. அவர் பிடிகாரர், கார்னர். பிடிக்கிறவனுக்கு இவ்வளவு விலை என்பதைக் கேட்டதும் என்னோடு படம் பார்க்க வந்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இப்போது அவரைப் பற்றி.

1993. எங்கள் ஊர்த் திருவிழாவை ஒட்டிக் கபடிப் போட்டி நடந்தது. எங்கள் அணியில் பாடிப் போக ஆள் இருந்தது. லெஃப்ட் கார்னரில் நிற்க ஆள் சரியில்லை. ஊருக்கு மேற்கே உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பில் அவர் இருந்தார். கணுக்காலைப் பிடித்தால் எலும்பைப் பிடித்த மாதிரி, கழட்ட முடியாது. எங்களுக்கு ஜெயிக்க வேண்டும். போய்க் கூப்பிட்டோம். ஒரு நாள் உப்பு வாருகிற கூலிக்குப் பதிலாக நூறு ரூபாயும் சாப்பாடும். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். அப்போது நான் அவரை ‘வாலே, போலே’ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் ‘தம்பி’ என்பார்.

போட்டி விதி, ஊர்க்காரர்கள் மட்டும் ஆட வேண்டும். அணிப் பெயர்ப்பட்டியலை எழுதிக் கொடுத்தது நான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். லெஃப்ட் கார்னர் என்ற இடத்தில் என் சித்தப்பா மகன் பெயரை எழுதினேன். அவன் அன்றைக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தான். எதிரணிக்கும் தெரியும். அவர்களும் ஒரு ஆளை அப்படித்தான் இறக்கியிருந்தார்கள். வாடகைக்கு எடுத்த உடல், ஊருக்குச் சொந்தமான பெயர். இரண்டாயிரம் பேர் பார்க்க இது நடந்தது, ஒருவரும் தவறென்று சொல்லவில்லை. கந்தசாமி கிட்டானைச் சேர்த்துக்கொள்ளும் காட்சியில் தியேட்டர் கைதட்டியபோது என்னால் தட்ட முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒரு பிடி. பாடி வந்தவன் கனமான ஆள். இவர் காலைப் பிடித்துவிட்டார், நாங்கள் மேலே விழுந்தோம். எதிரி எழுந்து போய்விட்டான், இவர் எழவில்லை. முழங்கால் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஜெயித்துவிட்டோம். கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும்போது, வேன் வைத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று யாரோ கேட்டதற்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “உப்பளத்துல வேல பாக்குற ஒடம்புல, ரெண்டு நாள்ல தானா கூடிரும்.” நாங்கள் அதை நம்பினோம். நம்ப வசதியாக இருந்தது. லீகின் மருத்துவர்கள் படிவத்தில் எழுதிய அதே கழித்தல் கணக்குதான், இங்கே வாயால் போட்டது. வேறொரு சாதிக்காரனின் வலி நம் வலியைவிடக் குறைவு, அவன் உடம்பு வேறு மாதிரிச் செய்யப்பட்டது என்கிற நம்பிக்கை. இதில் எங்களைப் பற்றி மேல்சாதிக்காரன் என்ன சொல்வான் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். மீன் நாத்தம் என்று எங்களைத் தள்ளி உட்கார வைத்தவர்கள் இருக்கிறார்கள். பட்ட அவமானம் தானாக அறிவாக மாறிவிடும் என்று நம் இயக்க எழுத்துகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எங்கள் ஊரில் மாறவில்லை.

மூட்டு சரியாகக் கூடவில்லை. உப்புச் சுமை தூக்க முடியாமல் போயிற்று. அளத்தில் சுமை தூக்காத ஆம்பளைக்கு வேலை கம்மி. கொஞ்ச நாள் டீக்கடையில் நின்றார், பிறகு துறைமுகச் சாலையில் ஒரு லாரி ஷெட்டில் வாட்ச்மேன், இப்போதும் அதுதான். விளையாட்டு ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். ரயில்வே, போலீஸ், வங்கி என்று கபடி ஆட்டக்காரர்கள் வேலைக்குப் போன வழி அதுதான், இந்த நாட்டில் கபடி ஒரு தொழிலாக இருந்ததே அந்த ஒதுக்கீட்டினால்தான். அதற்குச் சான்றிதழ் வேண்டும். எந்தப் போட்டியில், எந்த இடத்தில், எந்தப் பெயரில் ஆடினான் என்று தாளில் இருக்க வேண்டும். மாவட்ட அளவில் நடந்த அந்தப் போட்டியில் ஜெயித்த அணிக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஏழும் எங்கள் ஊர்ப் பெயர்கள். என் சித்தப்பா மகன் அதைப் பிற்பாடு ஒரு வேலை மனுவோடு இணைத்தான் என்று கேள்விப்பட்டேன். வேலை கிடைக்கவில்லை, சவுதிக்குப் போய்விட்டான்.

கொடியங்குளத்தில் கிழித்தார்கள். நான் கிழிக்கவில்லை, எழுதினேன். நல்ல கையெழுத்தில்.

*

மணத்தி கணேசனின் பெயர் ஏட்டில் ஏறியது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எத்தனை கைகளைத் தாண்டி அந்தப் பெயர் அங்கே போயிருக்கும் என்பதைப் படம் காட்டவே செய்கிறது. மகன் ஆடப் போனால் வெட்டுப்பட்டுச் சாவான் என்று பயப்படுகிற அந்தத் தகப்பன் (பசுபதி) தமிழ் சினிமாவில் அபூர்வமான ஆள். மகனின் திறமைக்குக் குறுக்கே நிற்கும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறோம், மகனின் திறமையே அவனைக் கொல்லும் என்று சரியாகக் கணக்குப் போட்ட அப்பாவைப் பார்த்ததில்லை. அந்த இடங்களில் படம் என் கேள்விகளுக்கு வெகு பக்கத்தில் வருகிறது. களத்துக்குள் வந்ததும் விட்டுவிடுகிறது. கேமரா கிட்டானோடு போகிறது, கிட்டானோடு திரும்புகிறது. அவனைப் பிடிக்க வருகிறவர்கள் தடைகள், அவன் பக்கத்தில் நின்று பிடிக்கிறவர்கள் பின்னணி.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. படம் விட்டு வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது அவர் சொன்னதுதான்.

“படம் நல்லாருக்கு தம்பி. பையன் நல்லா மூச்சுப் பிடிச்சு நடிச்சிருக்கான். ஆனா பிடிக்கிறவன் மூஞ்சிய ஒரு தடவ நின்னு காட்டலியே, கவனிச்சீங்களா? கால மட்டும் காட்டுறான்.”

“ஆமாண்ணே.”

இப்போதெல்லாம் நான் அவரை அண்ணே என்கிறேன். எப்போது மாற்றிக்கொண்டேன் என்று ஞாபகமில்லை. அவர் கேட்டதுமில்லை. நாற்காலி இல்லாததால் ஒரு காலை மடக்காமல் கடையின் படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து,

“கிளப்புல அந்தப் போட்டோ இன்னும் கெடக்கா?”

“கெடக்குண்ணே.” ஆட்டத்துக்கு முன்னால் எடுத்தது. ஏழு பேர், இடது ஓரத்தில் அவர். கீழே வெள்ளைப் பெயிண்டில் பெயர்கள். அதையும் நான்தான் எழுதினேன்.

“பேரு?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“ஒங்க சித்தப்பா மவன் சவுதியிலருந்து வந்துட்டானா? அவனுக்கு மூட்டெல்லாம் நல்லாருக்கா?”